‘பட்’டுக்கு அப்புறம் என்ன வருதுன்னு பசங்களுக்கு சொல்லிக்குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில 26 வருஷமா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துறேன், கூடவே ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. உங்க பேப்பர்ல வர்ற மாணவர் பக்கத்தை படிச்சு முடிச்சதும் கட் பண்ணி சுவத்துல ஒட்டிடுவேன், கிளாசுக்கு வர்ற பசங்க பாத்து எழுதிக்குவாங்க. போன வாரம் அந்த பக்கத்துல, இங்கிலீஷ்ல ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கிற விஷயத்தை சேர்த்து சொல்றதுக்கான இணைப்பு வார்த்தைங்கன்னு ஒரு கட்டம் போட்டிருந்தீங்க. அதைப் பத்திதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஆனா தயவுசெஞ்சு முழுசா படிச்சிடுங்க.

கட்டத்துல இடது பக்கம் பட், யெட், ஸ்டில், ஹவெவர், நெவர்தலெஸ், ஆல்தோ, டெஸ்பைட், வேர்அஸ், ஆன் தி அதர் ஹேண்ட், ஆன் தி கான்ட்ரரின்னு வரிசையா இருந்துச்சு. வலது பக்கம் ஆனால், ஆயினும், எனினும், இருப்பினும், மாறாக. உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் கூட இல்ல. அடுத்த ரெண்டாவது நாளே பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் பண்ண கொண்டு வந்தான், பாத்தா பட் வர்ற எடத்துல எல்லாம் பேனாவால அடிச்சிட்டு நெவர்தலெஸ்னு மாத்தி வெச்சிருக்கான். ‘வீ ஆஸ்க்ட் ஃபார் காப்பர் ஒயர் நெவர்தலெஸ் தி ஷாப் கேவ் அலுமினியம் ஒயர்’னு. ஏம்பா இப்படின்னு கேட்டா, “பட்டுன்னு போட்டா சின்ன கிளாஸ் புள்ள எழுதுன மாதிரி கீது சார், பேப்பர்ல ரெண்டுத்துக்கும் ஒரே அர்த்தம்தானே போட்டு இருந்தாங்கோ”ன்றான். அவன் மேல தப்பே கெடையாது. நாம அப்படித்தானே அச்சடிச்சு குடுத்திருக்கோம்.

நெவர்தலெஸ்ங்கிறது நெவர், தி, லெஸ்னு மூணு வார்த்தை ஒட்டி வந்தது. முன்னாடி என்ன சொல்லியிருந்தாலும் அதனால இது துளி கூட கொறையலைன்னு அர்த்தம். எங்க ஏரியா பசங்களுக்கு பாக்ஸிங் வெச்சு சொன்னா டக்குனு புடிச்சுக்குவாங்க. புருவத்துல அடி, மூக்குல ரத்தம், மூணு ரவுண்டும் அவன் ரிங்கை விட்டு எறங்கலை, அங்க போடு நெவர்தலெஸ். காப்பர் கேட்டா அலுமினியம் குடுத்தான்ங்கிற கதையில எது கொறையாம நிக்குது? அங்க பட் போதும், பட்தான் சரி. இதை அந்த தம்பிகிட்ட சொன்னதும் அவனே உக்காந்து பதினொரு எடத்துல திருப்பி அடிச்சான்.

அதை விட பெரிய சிக்கல், ஆன் தி கான்ட்ரரிக்கும் ஆன் தி அதர் ஹேண்டுக்கும் ‘மாறாக’ன்னு ஒரே அர்த்தம் போட்டது. இது ரெண்டும் ஒண்ணு கெடையாதுங்க. ஒருத்தர் சொன்னதை, இல்லைன்னா ஒருத்தர் நினைச்சிட்டு இருக்கிறதை, அப்படி இல்லவே இல்லைன்னு மறுத்து பேசுறப்பதான் ஆன் தி கான்ட்ரரி வரும். மீன்பிடி தடைக்காலத்துல காசிமேடு மீன்பிடி துறைமுகத்துல யாரும் சும்மா இல்ல, ஆன் தி கான்ட்ரரி வலை சரி பண்றது, எஞ்சினை பிரிச்சு மாட்டுறது, போட்டுக்கு பெயின்ட் அடிக்கிறதுன்னு அப்பதான் கை நெறைய வேலை இருக்கும். ஆன் தி அதர் ஹேண்ட் யாரையும் மறுக்காது. இந்தக் கையில இது, அந்தக் கையில அதுன்னு ரெண்டையும் விரிச்சு காட்டிட்டு நிக்கும். கம்பெனி வேலைக்கு போனா மாசம் பொறந்தா சம்பளம், ஆன் தி அதர் ஹேண்ட் கடலுக்கு போனா யாருக்கும் கைகட்டி நிக்க வேணாம். ரெண்டும் உண்மை. வேர்அஸ்ல இதுவும் கெடையாது, ரெண்டு பேரை பக்கத்து பக்கத்துல நிறுத்தி அளந்து பாக்குறதுதான் அதோட வேலை. ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குள்ள போகக்கூடாது, வேர்அஸ் நாட்டுப்படகும் ஃபைபர் படகும் போகலாம். அவ்ளோதான். இந்த மூணையும் வித்தியாசம் சொல்லாம ஒரே கட்டத்துல போட்டா புள்ள என்ன பண்ணும், எது நீளமா இருக்கோ, எது பாக்க கெத்தா இருக்கோ அதை எடுத்து வெச்சுக்கும்.

அடுத்து ஆல்தோ. எங்க கடைக்கு வர்ற லெட்டர்ல நான் அதிகமா அடிச்சு திருத்துறது இதைத்தான். ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங் பட் ஐ ரீச்ட் தி ஆபீஸ் ஆன் டைம்’. ஆல்தோ இருந்தா பட் வரக்கூடாது, பட் இருந்தா ஆல்தோ வரக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லித்தான் குடுக்கிறாங்க, ஆனா புள்ளைங்க ஏன் திரும்பத் திரும்ப ரெண்டையும் போடுறாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். எனக்கு தோணுறது இதுதான். தமிழ்ல ‘மழை பெஞ்சாலும் நேரத்துக்கு வந்துட்டேன்’னு சொல்றோம், அந்த ‘ஆலும்’ வினையோட வாலுல ஒட்டிட்டு ரெண்டு பாதிக்கும் நடுவுல, கரெக்டா முடிச்சு விழுற எடத்துல உக்காந்திருக்கு. இங்கிலீஷ்ல அதே வேலையை செய்ற ஆல்தோ எழுந்து மொதல் வரிசைக்கு போயிடுது. நடுவுல ஒரு கமாதான் மிச்சம். தமிழ்லயே யோசிச்சு வளந்த புள்ளைக்கு அந்த நடு எடம் காலியா தெரியுது, அங்க ஏதாவது ஒண்ணு இருந்தாகணுமேன்னு பட்டை கொண்டு வந்து வெச்சிடுது. நம்ம வாலை எடுத்து அவங்க தலையில வைக்கணும், வெச்சிட்டா அப்புறம் நடுவுல எதுவும் வேணாம்னு ஒரு தடவை தமிழ் வாக்கியத்தை போர்டுல எழுதி அந்த ‘ஆலும்’ஐ வட்டம் போட்டு அம்பு குறி போட்டு காட்டினா போதும். நான் அப்படித்தான் காட்டுறேன், அதுக்கு அப்புறம் அந்த தப்பு நல்லாவே கொறையுது.

அந்த ‘ஆலும்’ கடைசியில இருக்கிற ‘உம்’மைத்தான் உம்மைன்னு சொல்றோம். நம்ம தமிழ் வாத்தியாருங்க அந்த உம்மைக்கு எட்டு பொருள்னு சொல்லிக்குடுப்பாங்க, எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம்னு. ஒரே ஒரு ‘உம்’ல இவ்வளவு நுணுக்கம் பாத்த மொழி நம்மளோடது. அதுல பொறந்து வளந்த புள்ளைக்கு இங்கிலீஷ்ல பத்து வார்த்தைக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம் புரியாதுன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். தமிழ் பீரியட்ல படிச்சதையும் இங்கிலீஷ் பீரியட்ல படிக்கிறதையும் யாரும் சேர்த்து வெச்சு காட்டலை, அதான் கொறை.

பத்தாவது பப்ளிக் எழுதுன யாரை எழுப்பி கேட்டாலும் ஒண்ணு சொல்லுவாங்க, இன் ஸ்பைட் ஆஃப் வந்தா சிம்பிள், பட் வந்தா காம்பவுண்ட், தோ, ஆல்தோ வந்தா காம்ப்ளெக்ஸ். கைடுல கட்டம் போட்டு இருக்கும், எல்லாரும் மனப்பாடம். ஒரு வாக்கியத்தை குடுத்தா மூணு விதமா மாத்திடுவாங்க, மார்க் வந்துடும். நான் அதை குத்தம் சொல்லலை, மாத்த தெரியறதும் ஒரு தெறமைதான். டெஸ்பைட்டுக்கு பின்னாடி ஆஃப் வராது, இன் ஸ்பைட்டுக்கு பின்னாடி வரும், அதுக்கப்புறம் முழு வாக்கியம் வராது, டெஸ்பைட் ஹிஸ் இல்னஸ், டெஸ்பைட் பீயிங் இல் அப்படித்தான் வரணும்ங்கிறதெல்லாம் அங்கதான் கத்துக்கிறாங்க. ஆனா மூணும் ஒரே அர்த்தம்தான், ஷேப்பு மட்டும்தான் வேறன்னு மனசுல பதிஞ்சிடுது பாருங்க, அது பின்னாடி வந்து கழுத்தை புடிக்குது.

காசிமேட்டுல ஞாயித்துக்கிழமை விடியக்காலையில மீன் வாங்க போற யாரும் இதை யோசிச்சு பாக்கலாம். “மீன் ஃப்ரெஷ்ஷுதான், ஆனா வெலை ஜாஸ்தி”ன்னு சொல்றவங்க அடுத்த கூடைக்கு நகந்துடுவாங்க. “வெலை ஜாஸ்திதான், ஆனா மீன் ஃப்ரெஷ்ஷு”ன்னு சொல்றவங்க பையை நீட்டுவாங்க. ரெண்டு பேரும் சொன்ன விஷயம் ஒண்ணுதான், ஒரு எழுத்து கூட கூடக் கொறைய இல்ல. ஆனாவுக்கு பின்னாடி எது வருதோ அதுதான் முடிவு. மீன் விக்கிற அக்காவுக்கு இது நல்லா தெரியும், கஸ்டமர் வாயில மொத பாதி வரும்போதே ரெண்டாவது பாதி என்னன்னு கண்டுபுடிச்சிடுவாங்க. இங்கிலீஷ்ல பட்டும் அப்படியேதான், கனம் எல்லாம் பின்னாடி. ஆல்தோவுக்கு வேற கணக்கு, அது எந்த பாதி மேல ஏறி உக்காருதோ அந்த பாதி லேசாயிடும், முன்னாடி இருந்தாலும் சரி பின்னாடி இருந்தாலும் சரி. இது ஒண்ணை புரிஞ்சிக்கிட்டா பாதி கெணறு தாண்டின மாதிரி.

இதுல ஒரு லெட்டரோட கதையே இருக்கு. எங்க பக்கத்து தெரு அக்கா ஒருத்தங்க தலையில கூடை வெச்சு மீன் விக்கிறவங்க, வீட்டுக்காரர் விசைப்படகுல போறவரு. பையன் காலேஜ்ல ரெண்டாவது வருஷம். பரீட்சை மே மாசம், தடைக்காலத்துக்கு நடுவுல, பாக்கி ஃபீஸ் கட்டாம ஹால் டிக்கெட் தர மாட்டோம்னுட்டாங்க. பையன் போன்லயே இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் அடிச்சு கொண்டு போயிருக்கான், ‘வீ வில் பே தி பேலன்ஸ் ஃபீஸ் பட் வீ ஆர் நாட் ஏபிள் டு பே நவ்’னு. ஆபீஸ்ல இருந்தவரு படிச்சிட்டு, அதான் முடியாதுன்னு நீயே எழுதிட்டியேப்பான்னு திருப்பி குடுத்துட்டாரு. அம்மாவும் புள்ளையும் அழுதுட்டே கடைக்கு வந்தாங்க. நான் விஷயத்தை கேட்டுட்டு ரெண்டு பாதியையும் எடம் மாத்தி, கூட கணக்கும் சேர்த்து அடிச்சேன். ‘ஆல்தோ வீ ஆர் நாட் ஏபிள் டு பே தி ஃபுல் அமவுண்ட் நவ், வீ ஆர் பேயிங் 5,000 ருபீஸ் டுடே அண்ட் வில் பே தி ரெஸ்ட் பை ஜூன் 30’. ஹால் டிக்கெட் குடுத்துட்டாங்க. லெட்டரால வேலை நடந்துச்சா அந்த 5,000 ரூபாயால நடந்துச்சான்னு அந்த அக்கா என்னை கேட்டாங்க. ரெண்டும்தான்கான்னேன். மொத நாளே பையன் கையில காசை குடுத்து அனுப்பியிருந்தும், அந்த காசு கட்டுறோம்ங்கிற விஷயம் அவன் லெட்டர்ல எங்கயுமே இல்ல, முடியாதுங்கிறது மட்டும் கடைசியில நின்னுட்டு இருந்துச்சு.

ஹவெவர் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா இது டைப்பிங் கத்துக்கிற புள்ளைங்களோட சம்பந்தப்பட்டது. எங்ககிட்ட சேர்ந்த மொத நாளே அடிக்கிற பாடம் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. வலது கை சுண்டு விரல் நிக்கிற கட்டையே செமிகோலன்தான். ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை அடிக்கிறாங்க, லோயர்ல நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர்ல 45 வார்த்தைன்னு பாஸ் பண்ணிட்டு போறாங்க. சொந்தமா ஒரு லெட்டர் எழுதுறப்ப அந்த செமிகோலன் ஒரு தடவை கூட எட்டிப் பாக்காது. ‘ஐ அப்ளைட் லாஸ்ட் மந்த், ஹவெவர் ஐ டிட் நாட் கெட் எனி ரிப்ளை’ன்னு கமா போட்டு ஒட்டிடுறாங்க. பட்டுக்கு ரெண்டு வாக்கியத்தை ஒட்டுற பசை உண்டு, ஹவெவருக்கு அந்த பசை கெடையாது. அதுக்கு முன்னாடி முற்றுப்புள்ளியோ செமிகோலனோ வரணும், அதுக்கு பின்னாடி கமா வரணும். மொத நாள் பாடத்துலயே, ஏம்மா இந்த கட்டை எதுக்குன்னா இதுக்குத்தான்னு சொல்லிட்டா போச்சு. இப்ப நான் அப்படித்தான் சொல்லித் தர்றேன். இன்னொண்ணு, பட்டுல வாக்கியம் ஆரம்பிக்கவே கூடாதுன்னு பல பசங்க பயந்துட்டு இருக்காங்க, அப்படி ஒரு விதி இங்கிலீஷ் இலக்கணத்துல கெடையாது. நல்லா எழுதுறவங்க ஆரம்பிக்கத்தான் செய்றாங்க.

வெளிநாடு போறதுக்கு ஐஈஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சை எழுதுற நர்ஸ் பொண்ணுங்க எங்க ஏரியாவுல நெறைய பேரு இருக்காங்க, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்லேந்தெல்லாம் ப்ராக்டிஸ் கட்டுரை டைப் பண்ண வருவாங்க. அதுல ரெண்டாவது ரைட்டிங் டாஸ்க்குக்கு 40 நிமிஷத்துல 250 வார்த்தைக்கு கொறையாம எழுதணும். வீடியோ பாத்துட்டு வந்து வாக்கியத்துக்கு வாக்கியம் ஹவெவர், நெவர்தலெஸ், ஆன் தி அதர் ஹேண்டுன்னு மல்லிப்பூ சரம் மாதிரி தொடுத்து வெச்சிடுறாங்க, அப்படி வெச்சாதான் மார்க்குன்னு நம்புறாங்க. ஐஈஎல்டிஎஸ் நடத்துறவங்களே மார்க் எப்படி போடுறோம்னு வெளியில போட்டிருக்காங்க, அதுல இணைப்பு வார்த்தையை அளவுக்கு மீறி போடுறது கீழ் மட்டத்து பேண்டோட (மார்க்கை அவங்க பேண்டுன்னுதான் சொல்வாங்க) அடையாளமா இருக்கு, இணைப்பே கண்ணுக்கு தெரியாத மாதிரி எழுதுறதுதான் 9ஆவது பேண்டுக்கு. பூவை அள்ளி கொட்டுன மாதிரி இருந்தா கீழ, நார் தெரியாம கட்டுனா மேல. மூணு தடவை எழுதியும் ரைட்டிங்ல மட்டும் அரை பேண்டு கொறைஞ்சு நின்ன ஒரு பொண்ணு இருக்கு, ஒவ்வொரு தடவையும் ஃபீஸ் கட்ட நகை அடகு வெச்சது எனக்கு தெரியும். அவங்க கட்டுரையில ஹவெவர் மட்டும் ஏழு எடத்துல இருந்துச்சு, அதுல நாலு எடத்துல முன்னாடி சொன்னதுக்கும் பின்னாடி சொன்னதுக்கும் எந்த எதிர்ப்பும் இல்ல.

இது ஏதோ லெட்டர், கட்டுரை எழுதுறவங்க பிரச்சினைன்னு நினைச்சிடாதீங்க. நான் கோர்ட் பேப்பரும் ஆர்டிஐ மனுவும் டைப் பண்றவன். 2005ல வந்த தகவல் உரிமை சட்டத்தோட 22ஆவது பிரிவு நாட்வித்ஸ்டாண்டிங்ங்கிற விஷயத்துலதான் நிக்குது. 1923ஆம் வருஷத்து அஃபீஷியல் சீக்ரெட்ஸ் ஆக்ட்ல இதுக்கு முரணா என்ன இருந்தாலும் இந்த சட்டம்தான் செல்லும்னு. அந்த ‘இருந்தாலும்’ இல்லைன்னா, ரகசியம்னு ஒரே வார்த்தையில எங்க மனுவை தள்ளி வெச்சிருப்பாங்க. அதை விடுங்க, நம்ம தமிழ்நாட்டு அரசியலையே பொரட்டிப் போட்ட கதை இந்த வார்த்தையிலதானே இருக்கு. அரசியல் சட்டம் 343ஆவது பிரிவோட மொத உட்பிரிவு, தேவநாகரி எழுத்துல எழுதுற ஹிந்திதான் யூனியனோட ஆட்சிமொழின்னு சொல்லுது. ரெண்டாவது உட்பிரிவு நாட்வித்ஸ்டாண்டிங்னு ஆரம்பிக்குது, அப்படி சொன்னாலும் 15 வருஷத்துக்கு இங்கிலீஷ் தொடரும்னு. மூணாவது மறுபடியும் நாட்வித்ஸ்டாண்டிங், அந்த 15 வருஷம் முடிஞ்ச அப்புறமும் பார்லிமென்ட் சட்டம் போட்டு இங்கிலீஷை வெச்சுக்கலாம்னு. 1963ல வந்த ஆட்சிமொழி சட்டத்தோட 3ஆவது பிரிவும் அதே வார்த்தையிலதான் ஆரம்பிக்குது, 15 வருஷ கெடு முடிஞ்சாலும் இங்கிலீஷ் தொடரலாம்னு. தொடரலாமா, தொடரணுமா, மே-வா ஷல்-லான்னு அண்ணா ராஜ்யசபாவுல வாதாடுனாரு. 1965 ஜனவரி 26 நெருங்குனப்ப மாணவருங்க தெருவுல எறங்குனது, 1967ல ஆட்சி மாறுனது, அதே வருஷம் அந்த சட்டத்துக்கு திருத்தம் வந்ததுன்னு பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு ‘ஆலும்’ எந்த பக்கம் சாயுதுங்கிறதுக்கு உசுரை குடுத்த ஊருங்க இது. நம்ம பசங்களுக்கு அந்த வார்த்தையை வலது பக்கம் ‘எனினும்’னு ஒரு சொல்லை போட்டு முடிச்சிடலாமா?

இப்ப நான் இந்த லெட்டரை எழுத உக்காந்த காரணத்துக்கு வர்றேன். போன செவ்வாக்கெழமை ஒரு பொண்ணு வந்துச்சு, பிகாம் முடிச்சிருக்கு, ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனிக்கு கவரிங் லெட்டர் பிரிண்ட் எடுக்கணும்னு. போன்லேந்து அனுப்புனதை ஸ்க்ரீன்ல தொறந்தேன். ரெண்டாவது பாரா இப்படி ஆரம்பிக்குது, ‘ஐ ஆம் ஃப்ரம் வியாசர்பாடி பட் ஐ ஆம் சின்சியர் அண்ட் டிசிப்ளின்ட்’. எனக்கு கை அப்படியே நின்னுடுச்சு. ஸ்பெல்லிங் கரெக்ட், இலக்கணம் கரெக்ட், பத்தாவது பரீட்சையில எழுதியிருந்தா முழு மார்க். யாரும்மா இப்படி எழுத சொன்னதுன்னு கேட்டேன். “யாரும் சொல்லலண்ணா. போன இன்டர்வியூல அட்ரஸை பாத்துட்டு வியாசர்பாடியான்னு ஒரு மாதிரி இழுத்தாங்க. அதான் அவங்க நினைக்கிறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாம்னு”ன்னுச்சு. தலையை குனிஞ்சுட்டுதான் சொல்லுச்சு.

நான் அந்த பொண்ணுக்கு சொன்னதை அப்படியே உங்களுக்கும் எழுதுறேன். பட்டு சும்மா ரெண்டு விஷயத்தை ஒட்டாதுமா. இது இருந்தா அது இருக்காதுன்னு ஊர்ல ஒரு நினைப்பு இருக்கு, அந்த நினைப்பு சரிதான்னு ஒத்துக்கிட்டு, நான் மட்டும் விதிவிலக்குன்னு சொல்றதுதான் அந்த எடத்துல பட். வியாசர்பாடியில இருக்கிறவங்க யாரும் ஒழுக்கமா இருக்க மாட்டாங்கன்னு நீ சொல்ல நினைச்சியா? உங்க அப்பா அந்த தெருவுலதானே இருக்காரு, விடியக்காலையில எழுந்து லோடு ஏத்த போறாரே அவரு? அவரையும் சேர்த்துதானே அந்த பட்டு குத்துதுன்னேன். அந்த பொண்ணு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், அப்போ இன்னா எழுதணும்ணான்னு கேட்டுச்சு. அந்த வரியை எடுத்துட்டு ‘ஐ லிவ் இன் வியாசர்பாடி’ன்னு அடிச்சு முற்றுப்புள்ளி வெச்சேன். அதுக்கு அடுத்த வாக்கியம் அந்த பொண்ணு சொல்ல சொல்ல நான் அடிச்சது, மூணு வருஷம் ரெண்டு பஸ் மாறி காலேஜ் போயும் அட்டெண்டன்ஸ் 96 பெர்சன்ட்டு. நடுவுல எந்த இணைப்பு வார்த்தையும் போடலை. படிக்கிறவங்க எப்படி வேணா இணைச்சுக்கட்டும், நாம ஏன் அவங்களுக்கு அந்த கத்தியை எடுத்து கையில குடுக்கணும்?

அந்த பொண்ணு போனதும் நான் சுவத்துல ஒட்டியிருந்த பழைய பக்கங்களை எல்லாம் எடுத்து பாத்தேன், ஏன்னா இந்த மாதிரி ஒரு வாக்கியம் எங்கயோ படிச்ச ஞாபகம். ஆசிரியர் சார், இதை சொல்றதுக்கு நீங்க கோச்சிக்கக்கூடாது. பன்னெண்டாவது ரிசல்ட் வர்றப்ப, போட்டியில யாராச்சும் மெடல் வாங்குறப்ப, எங்க பக்கத்து புள்ளைங்களைப் பத்தி நல்ல மனசோடதான் எழுதுறீங்க, போட்டோவும் பெருசா போடுறீங்க. ஆனா அந்த செய்தியில எல்லாம் வடசென்னையில பொறந்தாலும், குப்பைமேட்டு பக்கத்துல வளந்தாலும், மீனவர் குடும்பமா இருந்தாலும்னு ஒரு ‘ஆலும்’ வந்துடுது. வேற ஏரியா புள்ள மார்க் எடுத்தா அண்ணாநகர்ல பொறந்தாலும்னு எழுத மாட்டீங்க இல்லையா. கஷ்டத்தை மறைக்க சொல்லலை. கொடுங்கையூர் குப்பைமேட்டு பொகையும், எண்ணூர் சாம்பலும், 2023 டிசம்பர்ல புயல் தண்ணியோட வந்த எண்ணெயும் உண்மை, அதை எழுதுங்க, தனி செய்தியா, யாரு பொறுப்புன்னு கேட்டு எழுதுங்க. பள்ளிக்கூடத்துக்கு பஸ் இல்லாட்டியும், வீட்டுக்குள்ள தண்ணி வந்தும் படிச்சான்னா அந்த ‘ஆலும்’ நியாயம், பஸ் இல்லாததும் வெள்ளமும் படிப்புக்கு நெஜமாவே தடை. மீனவர் குடும்பம் எதுக்கு தடை? அம்மா அப்பா தொழில் எதுக்கு தடை? அந்த எடத்துல உக்காந்திருக்கிற ‘ஆலும்’ஐ படிச்சு வளந்த பொண்ணுதானே இன்னிக்கு அதை இங்கிலீஷ்ல மாத்தி பட்டுன்னு எழுதி என் கடைக்கு கொண்டு வந்துச்சு.

ராயபுரம் ஸ்டேஷன்லேந்து 1856ல தென்னிந்தியாவோட மொத ரயிலு வாலாஜா ரோட்டுக்கு கெளம்பிச்சு. எங்க புள்ளைங்களைப் பத்தி செய்தி போடுறப்ப அந்த ஊரு புள்ளன்னு ஒரு தடவையாச்சும் போட்டுப் பாருங்க, அதுக்கு எந்த இணைப்பு வார்த்தையும் தேவைப்படாது.

மாணவர் பக்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்த கட்டத்தை மறுபடியும் போடுங்க, ஒரேடியா வேணாம், வாரத்துக்கு ரெண்டு வார்த்தை போதும். ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ மூணு முழு வாக்கியம் வேணும், அதுல ஒண்ணு தப்பான வாக்கியமா இருக்கணும், ஏன் தப்புன்னும் சொல்லணும். பட்டுக்கு ரெண்டு பக்கமும் எதை மாத்தி வெச்சா அர்த்தம் எப்படி சாயுதுன்னு காட்டுங்க. தமிழ் வாக்கியத்தை பக்கத்துலயே போடுங்க, ‘ஆலும்’ எங்க இருந்து எங்க போகுதுன்னு அம்பு குறி போட்டு. நான் கடையில பசங்களுக்காக அடிச்சு வெச்சிருந்த 18 வாக்கியத்தை இந்த லெட்டரோட வெச்சு அனுப்பியிருக்கேன், எல்லாமே மார்க்கெட், போட்டு, ட்ரெயினு, பாக்ஸிங்னு எங்க பசங்களுக்கு தெரிஞ்ச விஷயம். உபயோகப்பட்டா போட்டுக்குங்க, என் பேரு போட வேணாம்.

அந்த பொண்ணுக்கு வர்ற வெள்ளிக்கெழமை இன்டர்வியூ. பிரிண்ட் அவுட்டை நாலு காப்பியா எடுத்துட்டு போயிருக்கு.

இப்படிக்கு,
டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துற உங்க வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.